31 லட்சம் யாருடைய பணம்?

(தொகுப்புத் தலைவிகள், ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கூடிய கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. பொதுக்குழுவுக்கு முன்பு எல்லாக் குழுக்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்று பலரும் கேட்டதால் இங்கே வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



போன மாதம் ஒரு தொகுப்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வரவு செலவு வாசித்து முடித்தோம். ஒரு அக்கா எழுந்து நின்றார். "ஏம்மா, ஆபீஸ் சுவத்துல கணக்கு ஒட்டியிருக்கீங்களே, அதுல பேங்குல 31 லட்சம் இருக்குன்னு போட்டிருக்கு. 31 லட்சத்தை வச்சுக்கிட்டு எங்ககிட்ட மாசாமாசம் சந்தா கேக்குறீங்க. எங்க பணத்தை எங்களுக்குத் தீபாவளிக்காவது பிரிச்சுக் குடுத்தா என்ன?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள்.

எனக்கு முதலில் கொஞ்சம் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால் அந்த அக்கா கேட்டதில் தப்பே இல்லை. சுவரில் கணக்கை ஒட்டினோமே தவிர, அதைப் படிக்கிற மாதிரி நாங்கள் எழுதவில்லை. அந்த அக்கா படித்தார் பாருங்கள், அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். இன்றைக்கு அந்தக் கணக்கைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

மார்ச் 31ஆம் தேதி வங்கியில் இருந்தது 31 லட்சம். சரி. அதில் 18 லட்சம் வங்கியுடைய பணம். கூட்டமைப்பு மொத்தமாகக் கடன் வாங்கி, குழுக்களுக்குக் கொடுத்து, நீங்கள் தவணை கட்டி, அது திரும்பி வந்து, வங்கிக்குக் கட்டுவதற்காக நிற்கிற பணம். நம் கணக்கில் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மாடு நம் தொழுவத்தில் ஒரு ராத்திரி நின்றால் பாலைக் கறந்துகொள்ள முடியுமா?

அடுத்து 7 லட்சம். இது தையல் பயிற்சித் திட்டத்துக்கு ஒரு கம்பெனி கொடுத்தது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கிற கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக நலனுக்குச் செலவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. 2014 ஏப்ரலில் இருந்து நடைமுறைக்கு வந்தது. அந்த வழியாக வந்த பணம் இது. தையல் மெஷின், துணி, பயிற்சியாளர் சம்பளம் என்று எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறோம். அதில் ஒரு ரூபாயை எடுத்து ஆபீஸ் வாடகை கட்டினால்கூட ஆடிட்டர் கேட்பார். மீந்தால் திருப்பித் தர வேண்டும்.

31இல் 18 போச்சு, 7 போச்சு. மிச்சம் 6 லட்சம். இதுதான் நம்முடைய பணம். இதற்குக் காப்பு நிதி என்று பெயர். ஆடிட்டர் ரிசர்வ் என்பார். பெயர் எதுவானாலும் இது மட்டும்தான் நாமே உட்கார்ந்து தீர்மானம் போட்டு எடுக்கக் கூடிய பணம்.

இந்த 6 லட்சம் எப்படி வந்தது என்று பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். சந்தாவில் மிச்சம் பிடித்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சேரும் பாத்திரமும் வாடகைக்கு விட்டது. பயிற்சிக் கூடத்தை மற்ற அமைப்புகளுக்கு நாள் வாடகைக்குக் கொடுத்தது. சேரை எண்ணி ஏற்றி இறக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்ட அக்காக்கள் இங்கேயே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது இந்த 6 லட்சத்தைப் பிரித்தால் என்ன கிடைக்கும்? நம்மிடம் 160 குழுக்கள், 2,400 பெண்கள். ஆளுக்கு 250 ரூபாய். ஒரு எவர்சில்வர் பாத்திரம் வாங்கலாம், நல்ல கனமான பாத்திரம்கூட வராது.

பாத்திரம் என்று சொன்னதும் எனக்கு ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும். இதை இதுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

எம்.எஸ்.டபிள்யூ. முடித்து நான் முதலில் வேலைக்குப் போனது கடலோர மாவட்டம் ஒன்றில் இருந்த ஒரு கூட்டமைப்புக்கு. பெயர் வேண்டாம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு வந்த உதவிப் பணத்தில் உருவானது. நான் சேர்ந்தபோது திட்டத்தின் கடைசி வருஷம். 90 குழுக்கள் இருந்தன. ஆபீஸ் அழகாக இருக்கும், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜீப், வாசலில் பெரிய போர்டு. மேலாளரில் இருந்து கூட்டுகிற அம்மா வரைக்கும் எல்லாருக்கும் சம்பளம் திட்டத்தில் இருந்து. உறுப்பினர்கள் சந்தா என்று ஒரு பைசா கட்டியதில்லை. சொந்தப் பணம் என்று இருந்தது ஒன்றே முக்கால் லட்சம்.

அந்த வருஷம் ஆண்டு விழா வந்தது. கடைசி விழா, பெண்களைச் சந்தோஷப்படுத்தணும் என்று பேசி, அந்த ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் எவர்சில்வர் தூக்குவாளி வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். யாருக்குக் கொடுத்தோம் என்று கையெழுத்து வாங்குகிற பட்டியலை எழுதியது நான்தான். எனக்கு அப்போது எல்லாம் புதுசு. கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

திட்டம் முடிந்தது. ஒரு மாதம் கழித்துக் களப்பணியாளர்கள் நின்றுவிட்டார்கள், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறதே. இரண்டாம் மாதம் கணக்காளர் போனார். வாடகை மூன்று மாதம் பாக்கி ஆனதும் வீட்டுக்காரர் பூட்டுப் போட்டுவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே பீரோவில் 90 குழுக்களுடைய பேரேடு, தீர்மான நோட்டு, கடன் பத்திரம் எல்லாம் தணிக்கைக்காக வாங்கி வைத்தது வைத்தபடியே இருந்தது. வங்கியில் கடனுக்குப் போன குழுக்களிடம் மேனேஜர் புத்தகம் கேட்டார், தணிக்கை அறிக்கை கேட்டார். கையில் ஒன்றும் இல்லை. பெண்கள் வீடு வீடாகக் காசு பிரித்து வாடகைப் பாக்கியைக் கட்டித்தான் புத்தகங்களை மீட்டார்கள். அதற்குள் அந்த வருஷ வங்கிக் கடன் போய்விட்டது. பிள்ளைகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. எங்கே போய்க் கடன் வாங்கியிருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த ஊருக்கு இப்போதும் எப்போதாவது போவேன். தூக்குவாளி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கூட்டமைப்பு இல்லை.

இது அந்த ஒரு இடத்துக் கதை மட்டும் அல்ல. திட்டம் என்று பெயர் வைத்தாலே அதற்கு முடிகிற தேதி ஒன்று இருக்கும். நம் மாநிலத்தில் மகளிர் குழுக்களுக்கு வழி காட்டியதே 1989இல் தர்மபுரியில் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய திட்டம்தான். அது முடிந்தது. பிறகு மாநில அரசின் மகளிர் திட்டம் வந்தது. 2005இல் உலக வங்கி உதவியோடு புதுவாழ்வுத் திட்டம் வந்தது, அதுவும் 2017இல் முடிந்தது. ஆனால் 1990களில் தொடங்கின குழுக்களில் எத்தனையோ இன்றைக்கும் வாரா வாரம் பாய் விரித்து உட்காருகின்றன. குழு நிற்கிறது, ஏனென்றால் குழுவிடம் சொந்தச் சேமிப்பு இருக்கிறது. கூட்டமைப்புதான் விழுகிறது, ஏனென்றால் அதனிடம் மற்றவர் பணம் மட்டும் இருக்கிறது.

நமக்கும் ஒரு முறை அந்த அடி விழுந்தது. எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டில் இருந்து வந்த நன்கொடையில் ஒரு பங்கு கூட்டமைப்புக்கும் வந்துகொண்டிருந்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு அமைப்பு வாங்குகிற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று வந்துவிட்டது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை என்று இருந்ததை 20 சதவீதமாகக் குறைத்தார்கள். சட்டம் சரியா தப்பா என்பது பெரிய பேச்சு, இங்கே வேண்டாம். நாம் ஒரு தப்பும் செய்யாமலே, டெல்லியில் ஒரு கையெழுத்தில் நம் வரவு நின்றது. இதைத்தான் மனசில் வைக்க வேண்டும்.

சரி, இன்றைய நிலைமைக்கு வருகிறேன். கூட்டமைப்பு நடக்க மாதம் எவ்வளவு ஆகிறது? மேலாளருக்கு 15 ஆயிரம். கணக்காளருக்கு 12 ஆயிரம். தொகுப்புப் பணியாளர் மூன்று பேருக்குத் தலா 8 ஆயிரம், ஆக 24 ஆயிரம். வாடகை 4 ஆயிரம். கரண்ட், போன், பேப்பர் 2 ஆயிரம். பஸ் செலவு ஒன்றரை ஆயிரம். தணிக்கைச் செலவை 12 மாதத்துக்குப் பிரித்துப் போட்டால் மாதம் ஒன்றரை ஆயிரம். மொத்தம் 60 ஆயிரம். 8 ஆயிரம் ரூபாய்க்கு மழையிலும் வெயிலிலும் 50 குழுக்களைச் சுற்றி வருகிற அந்தப் பெண்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

வரவு என்ன? 160 குழுக்கள், மாதம் 200 ரூபாய் சந்தா. 32 ஆயிரம். ஒரு பெண்ணுக்கு 13 ரூபாய் சொச்சம் விழுகிறது. மீதி 28 ஆயிரத்தை எங்கள் நிறுவனத்தின் திட்டம் கொடுத்து வந்தது. அந்தத் திட்டம் வரும் மார்ச் 31ஆம் தேதியோடு முடிகிறது. என் சம்பளமும் அதே திட்டத்தில்தான் இருக்கிறது. ஏப்ரலில் நான் இங்கே வருவேனா என்று எனக்கே தெரியாது. அதனால் என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இதைப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த 6 லட்சத்தில் எனக்குச் சம்பளம் கிடையாது.

ஏப்ரலில் இருந்து மாதம் 28 ஆயிரம் பள்ளம். 6 லட்சத்தை 28 ஆயிரத்தால் வகுத்தால் 21 மாதம் வரும். இப்போது வேடிக்கையைப் பாருங்கள். காப்பு நிதியைப் பிரித்துக்கொண்டு, ஆபீசும் நடக்க வேண்டும் என்றால், அந்த 28 ஆயிரத்தை நாம்தான் போட வேண்டும். 2,400 பேருக்கு வகுத்தால் மாதம் ஆளுக்குக் கிட்டத்தட்ட 12 ரூபாய் கூடுதல். தீபாவளிக்கு வாங்கின 250 ரூபாயை மாதம் 12 ரூபாயாக 21 மாதத்தில் நாமே திருப்பிக் கட்டியிருப்போம். வலது கையில் வாங்கி இடது கையில் கொடுக்கிற கதை. நடுவில் ஐம்பது குழு கட்டாமல் விட்டால் அதுவும் நடக்காது.

அதனால் காப்பு நிதியை ரூபாயில் எண்ணாதீர்கள், மாதத்தில் எண்ணுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 6 லட்சம் என்றால் பெரிய தொகையாகத் தெரிகிறது. பத்து மாதம் என்று சொல்லிப் பாருங்கள். வெளியில் இருந்து ஒரு பைசா வராவிட்டாலும், ஒரு குழுகூடச் சந்தா கட்டாவிட்டாலும் பத்து மாதம் விளக்கு எரியும். விலைவாசி ஏற ஏற, சம்பளம் கூடக் கூட, அதே 6 லட்சம் ஒன்பது மாதம் ஆகும், எட்டு மாதம் ஆகும். தொட்டாமலே குறைகிற பணம் இது.

ஒரு குழுகூடக் கட்டாத மாதம் வருமா என்று கேட்காதீர்கள். நாமே பார்த்துவிட்டோம். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல். நட்டுப் பதினைந்து, இருபது வருஷம் ஆன தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் சாய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு நாலு மாதம் சந்தா என்று யாரிடமும் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அப்போது காப்பு நிதியில் 80 ஆயிரம் எடுத்தோம். அந்த நாலு மாதமும் ஆபீஸ் திறந்திருந்ததால்தான் நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களுக்கு மனு எழுத முடிந்தது, நனைந்துபோன குழுப் புத்தகங்களை உட்கார்ந்து திரும்ப எழுத முடிந்தது. எடுத்த 80 ஆயிரத்தைத் திருப்பிச் சேர்த்து முடிப்பதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. குழுக் கூட்டமே இல்லை. அப்போது ரிசர்வ் வங்கி மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிக் கட்டலாம் என்றது. தவணைதான் தள்ளி, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பது பலருக்குத் தெரியவில்லை. நம் பணியாளர்கள் போனிலேயே ஒவ்வொரு குழுவுக்கும் விளக்கினார்கள். சம்பளம் வந்ததால் செய்தார்கள்.

இங்கே ஒரு தங்கை நல்ல கேள்வி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். "பேங்க் டெபாசிட்டுக்கு ஆறரை, ஏழு வட்டிதான் வருது. அதே ஆறு லட்சத்தை நம்ம குழுக்களுக்கே கடனாக் குடுத்தா பன்னிரண்டு வட்டி வரும், பெண்களுக்கும் பிரயோஜனம். சும்மா ஏன் பூட்டி வைக்கணும்?"

படித்ததும் இது சரிதானே என்று எனக்கும் தோன்றியது. லாபக் கணக்கில் சரி. ஆனால் நமக்கு இந்தப் பணம் எந்த நாளில் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். புயல் அடித்த மறுநாள் வேண்டும். ஊரடங்கு போட்ட மாதம் வேண்டும். கடன் வாங்கின பெண்ணால் தவணை கட்ட முடியாத நாளும் அதே நாள்தான். ஆபீசுக்குப் பணம் வேண்டும் என்று அவர் வாசலில் போய் நிற்க முடியுமா? நின்றாலும் வருமா? நல்ல காலத்தில் எல்லாக் கடனும் திரும்பி வரும், அப்போது நமக்கு அந்தப் பணம் தேவைப்படாது. அதனால் காப்பு நிதி முழுவதையும் கடனாக விடக் கூடாது. வருங்காலத்தில் பத்து மாதத்துக்கு மேல் சேர்ந்தால், மேலே இருப்பதைக் கடனுக்கு விடலாம். அப்படி மேலே சேர்ந்தும் விடாமல் பூட்டி வைத்தால் அதுவும் தப்புதான். பெண்கள் மைக்ரோ பைனான்ஸில் வட்டி கட்டிக்கொண்டிருக்க, கூட்டமைப்பு டெபாசிட் ரசீதை எண்ணிக்கொண்டிருப்பது அழகல்ல.

அதே மாதிரி, கூடுதல் வட்டி தருகிறோம் என்று யார் வந்தாலும் வேண்டாம். 1990களில் நம் மாநிலத்தில் பைனான்ஸ் கம்பெனிகள் அடுத்தடுத்து மூடி, எத்தனை பேர் ரசீதும் கையுமாக நின்றார்கள் என்று மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதனால்தான் 1997இல் முதலீட்டாளர்களைப் பாதுகாக்க இங்கே தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

வங்கியிலும் ஒரு விவரம் இருக்கிறது. ஒரு வங்கி திவாலானால், ஒரு வைப்பாளருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரி 4 முதல் அந்த அளவு, அதற்கு முன்பு 1 லட்சம்தான். ஒரே வங்கியின் இரண்டு கிளையில் போட்டாலும் சேர்த்து ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். 2019 செப்டம்பரில் மும்பையில் ஒரு பெரிய கூட்டுறவு வங்கியில் கட்டுப்பாடு போட்டபோது, ஆரம்பத்தில் ஒருவர் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. அதனால் நம் 6 லட்சத்தை இரண்டு வங்கியாகப் பிரித்துப் போடலாம் என்று சொல்கிறேன். தொகையையும் ஒரே ரசீதாகப் போடாமல் துண்டு துண்டாகப் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்றதன் வட்டி கெடாது.

சிறுவாடு என்றால் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரிசிப் பானையில், புடவை மடிப்பில், அஞ்சறைப் பெட்டியில் எத்தனை வீடு காப்பாற்றியிருக்கிறது. அதற்கும் ஒரு சோதனை வந்தது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500 ரூபாயும் 1,000 ரூபாயும் செல்லாது என்று சொன்னதும், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வருஷக்கணக்காகச் சேர்த்ததை அவர் முன்னாலேயே எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. அழுதுகொண்டே எண்ணிக் கொடுத்தவர்களை நான் பார்த்தேன். அதில் திரும்பி அவர்கள் கைக்கு வந்தது எவ்வளவோ.

கூட்டமைப்பின் காப்பு நிதியும் ஒரு சிறுவாடுதான். ஒரே வித்தியாசம், வீட்டுச் சிறுவாடு யாருக்கும் தெரியாமல் இருக்கிறவரை பத்திரம், இது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறவரைதான் பத்திரம். எவ்வளவு இருக்கிறது, எந்த வங்கியில், யார் கையெழுத்தில், எதற்காக எடுக்கலாம் என்று 160 குழுவுக்கும் தெரிய வேண்டும். இந்த விஷயத்தில் எங்கள் பக்கம் குறை இருக்கிறது. 31 லட்சம் என்று ஒட்டினோம், அதில் 6தான் நம்முடையது என்று ஒட்டவில்லை. அந்த அக்காவுக்குச் சந்தேகம் வந்ததில் என்ன ஆச்சரியம்?

சரி, என்ன செய்யலாம்? செயற்குழுவில் மூன்று கூட்டம் பேசி ஒரு யோசனை வைத்திருக்கிறோம். முடிவு உங்களுடையது.

ஆறு மாதச் செலவு, அதாவது 3 லட்சத்து 60 ஆயிரத்தைத் தொடக்கூடாத அடிநிதியாக வைப்பது. புயல், வெள்ளம், நோய் மாதிரி ஊரே பாதிக்கிற காலத்தில் மட்டும் எடுக்கலாம். அதற்கும் செயற்குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கையெழுத்து வேண்டும். எடுத்தால், எடுத்த பதினைந்து நாளுக்குள் எல்லாத் தொகுப்புக்கும் கடிதம் போக வேண்டும், எப்போது திருப்பிச் சேர்ப்போம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அது போக மீதி 2 லட்சத்து 40 ஆயிரம். ஏப்ரலில் இருந்து விழுகிற பள்ளத்தை இதை வைத்து நிரப்பலாம். மாதம் 28 ஆயிரம் எடுத்தால் எட்டரை மாதத்தில் தீர்ந்துவிடும். ஆனால் சந்தாவை 200இல் இருந்து 250 ஆக உயர்த்தினால், 160 குழுவில் 8 ஆயிரம் கூடுதலாக வரும். பள்ளம் 20 ஆயிரமாகக் குறையும். 2 லட்சத்து 40 ஆயிரம் சரியாகப் பன்னிரண்டு மாதம் தாங்கும். ஒரு பெண்ணுக்கு மாதம் மூன்று ரூபாய் சொச்சம் கூடுகிறது. மூன்று ரூபாய் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன், நூறு நாள் வேலைப் பணம் வராமல் காத்திருக்கிற வீட்டில் அது சின்னது இல்லை. முடியாத குழு முன்கூட்டியே சொன்னால் அந்த வருஷத்துக்குப் பழைய சந்தாவே இருக்கட்டும் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். எனக்கும் அதில் சம்மதம். மூன்று, நாலு குழுவால் கணக்கு பெரிதாக மாறாது.

அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் மீதி 20 ஆயிரத்துக்கு வழி தேட வேண்டும். இது கஷ்டமான பகுதி, மறைக்க விரும்பவில்லை. பயிற்சிக் கூடம் மாதத்தில் பாதி நாள் காலியாகக் கிடக்கிறது. கூட்டமைப்பில் சேராத குழுக்களுக்குக் கணக்கு எழுதித் தந்து கட்டணம் வாங்கலாம். பாத்திர வாடகையைப் பத்து வருஷமாக ஏற்றவே இல்லை. இதெல்லாம் செய்தும் போதாமல் போனால், ஒரு தொகுப்புப் பணியாளரைக் குறைப்பதா என்ற பேச்சு வரும். அப்படி வந்தால், அந்தப் பணியாளருக்கு மூன்று மாதம் முன்னாலேயே தெரிய வேண்டும். அந்தக் கடலோர ஆபீசில் யாருக்கும் யாரும் முன்னால் சொல்லவில்லை.

ஆடிட்டர் ஒன்று சொன்னார், அதையும் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போல வருமான வரி விலக்குப் பதிவு உள்ள அமைப்பு, அந்த வருஷ வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவு செய்ய வேண்டும். 15 சதவீதம் வரை மிச்சம் வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் எதற்காக என்று எழுதிக் கொடுத்து, ஐந்து வருஷத்துக்குள் அதற்கே செலவு செய்ய வேண்டும். ஆகவே சேர்ப்பது என்று முடிவு செய்தால் பொதுக்குழுத் தீர்மானம் எழுத்தில் இருப்பது வரிக் கணக்குக்கும் அவசியம். வாய்வார்த்தை உதவாது.

தீர்மானத்தின் நகல் இன்றைக்கே ஒவ்வொரு ஊக்குநர் கையிலும் கொடுக்கிறோம். உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் வாசியுங்கள். சம்மதம், சம்மதம் இல்லை, இப்படி மாற்ற வேண்டும் என்று எதுவானாலும் உங்கள் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, பொதுக்குழு அன்றைக்கு எடுத்து வாருங்கள். பிரித்துக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிற குழுவும் அப்படியே எழுதிக் கொண்டு வரட்டும், மேடையில் வாசிக்கப்படும். கேள்வி கேட்ட அந்த அக்காவைத்தான் கணக்கு வாசிக்கச் சொல்லியிருக்கிறோம், ஒத்துக்கொண்டிருக்கிறார். சுவரில் புதுக் கணக்கு நாளைக்கு ஒட்டுகிறோம். 18, 7, 6 என்று மூன்று வரியாக, பெரிய எழுத்தில்.